ஏழு பேர், ஓர் அலமாரி

ஏழு பேர் சேர்ந்தால் ஒரு கிளை. பிரம்மஞான சபையின் விதி அது. ஓர் ஊரில் ஏழு பேர் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால் தலைமையகத்திலிருந்து சாசனம் வரும். பிறகு ஒரு கூடம், வாரத்தில் ஒரு மாலை, கூடிப் படிக்க ஒரு புத்தகம், வீட்டுக்கு எடுத்துச்சென்று படிக்க ஓர் அலமாரி. 1875இல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் மற்றவர்களும் தொடங்கி, 1882இல் அடையாற்றில் நிலைகொண்ட அந்தச் சபை ஊர் ஊராகப் பரவியது இந்தச் சிறிய ஏற்பாட்டின் வழியாகத்தான். சபையின் முதல் நோக்கம் 1896இல் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது. இனம், சமயம், சாதி, நிறம் ஆகியவற்றோடு பால் வேற்றுமையும் பாராட்டாத உலக சகோதரத்துவம் என்று அதில் எழுதியிருந்தது. சகோதரத்துவம் என்ற சொல்லுக்குள் சகோதரிக்குத் தனிப்பெயர் இல்லை. ஆனாலும் அவளுக்கு ஒரு நாற்காலி இருந்தது.

பெண்ணிய வரலாறு இந்தக் கூடத்தைப் பற்றி இரண்டு விதமாகப் பேசிவந்திருக்கிறது. இந்தியப் பெண்களின் வாக்குரிமைக் குரல் அடையாற்றுக் கூடத்திலிருந்துதான் முதலில் எழுந்தது என்பது ஒன்று. வெள்ளைக்காரச் சீமாட்டிகளும் பார்ப்பனக் குடும்பங்களும் கூடிய மேட்டிமை மடம் அது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. ஆனால் இரண்டுமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஒரு பெண் ஆன்மிகப் படிப்புக் குழுவில் சேரும்போது அவளுக்கு என்ன கிடைக்கிறது, அதற்கு அவள் என்ன கொடுக்கிறாள்? கிடைத்ததை மட்டும் எழுதினால் அது விழா மலர். கொடுத்ததை மட்டும் எழுதினால் குற்றப்பத்திரிகை. வரவையும் செலவையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அனுமதிக்கப்பட்ட வாசல்

பெண்கள் கூடுவதற்குச் சமயம் ஒரு காரணமாக இருந்தது ஐரோப்பியர் கொண்டுவந்த வழக்கமல்ல. தென்தமிழ்நாட்டின் ஔவையார் நோன்பை எடுத்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை இரவு, ஆண்கள் உறங்கியபின் பெண்கள் ஒரு வீட்டில் கூடுகிறார்கள். பச்சரிசி மாவில் உப்பில்லாமல் கொழுக்கட்டை பிடிக்கிறார்கள். மூத்தவள் ஒருத்தி ஔவையின் கதையைச் சொல்கிறாள். ஆண் குழந்தைகூட அங்கே இருக்கக் கூடாது, படையலைத் தின்னவும் கூடாது. விடிவதற்குள் எல்லாம் முடிந்து சுவடு தெரியாமல் துடைக்கப்பட்டுவிடும். கணவனும் மகனும் நலமாக இருக்கவே இந்த நோன்பு என்பதால் வீடு அதைத் தடுப்பதில்லை. பலன் அவர்களுக்கு, இரவு அவளுக்கு. இந்தப் பங்கீட்டின் நுட்பத்தைக் கண்டுபிடித்தவள் எவளோ, அவள் நம் முன்னோடிகளில் ஒருத்தி.

ஆன்மிகக் குழுவின் அடிப்படைக் கணக்கு இதில் இருக்கிறது. பெண் வெளியே போவதற்கு வீடு ஒப்புக்கொள்ளும் காரணங்கள் சில. கோயில் அவற்றில் முதலாவது. பொதுக்கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்ல முடியாத பெண் கதை கேட்கப் போகிறேன் என்று சொல்லலாம். நோன்பில் இல்லாதது, பிரம்மஞான சபையின் கிளையில் இருந்தது ஒன்றுண்டு. அது இரவல் புத்தகம். நோன்பின் கதை அந்த அறைக்குள் பிறந்து அந்த அறைக்குள்ளேயே அடங்கிவிடும். இரவல் புத்தகமோ முந்தானைக்குள் வீட்டுக்கு வரும். அடுத்த வாரம்வரை தங்கும். கூட்டத்தில் கேட்க முடியாத கேள்வியை அடுப்படியில் வைத்துக் கேட்கும்.

லண்டனில் ஓர் இரவல்

சபையில் சேர்ந்த பெண்களில் மிகப் புகழ்பெற்றவர் அன்னி பெசன்ட். அவர் சேர்ந்த கதையிலேயே ஓர் இரவல் புத்தகம் இருக்கிறது.

1889க்கு முன்பே அவர் பெயர் லண்டனில் எல்லோருக்கும் தெரியும். பாதிரியாரை மணந்து, நம்பிக்கை இழந்து, 1873இல் கணவரைப் பிரிந்தவர். சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து நாத்திகம் பேசியவர். கருத்தடை பற்றிய நோல்டனின் சிறுநூலை மறுபதிப்புச் செய்ததற்காக 1877இல் இருவரும் குற்றக்கூண்டில் நின்றனர். தண்டனை மேல்முறையீட்டில் தள்ளுபடியானது. ஆனால் அடுத்த ஆண்டு, நாத்திகத்தையும் அந்தப் பதிப்பையும் காரணம் காட்டி, மகள் மேபலை நீதிமன்றம் அவரிடமிருந்து பிரித்தது. நோல்டன் நூல் வழக்கு அவரைப் பின்வாங்கவைக்கவில்லை. கருத்தடை குறித்து, ‘மக்கள்தொகையின் விதி’ என்று பொருள்படும் தலைப்பில், தானே ஒரு சிறுநூல் எழுதினார். மலிவு விலையில் அது லட்சத்துக்கு மேல் விற்றது. 1888இல் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்தில் அவர்களுக்குத் துணை நின்றார்.

அடுத்த ஆண்டு பிளாவட்ஸ்கியின் ‘தி சீக்ரெட் டாக்ட்ரின்’ நூலின் இரண்டு தடித்த பாகங்கள் மதிப்புரைக்காக அவரிடம் வந்தன. படித்தார், ஆசிரியரைச் சந்திக்க விரும்பினார், சபையில் சேர முடிவுசெய்தார். அப்போது பிளாவட்ஸ்கி அவரிடம் கேட்ட கேள்வியை அவர் தன்வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார். என்னைப் பற்றிய அந்த அறிக்கையைப் படித்தாயா என்பதே அது. பிளாவட்ஸ்கியின் அற்புதங்கள் மோசடி என்று உளவியல் ஆய்வுச் சங்கம் 1885இல் வெளியிட்டிருந்த அறிக்கை அது. போய்ப் படி, படித்தபின்னும் சேர விரும்பினால் வா என்று அனுப்பிவிட்டார். பெசன்ட் ஒரு பிரதியை இரவல் வாங்கி மறுபடி மறுபடி படித்தார். பிறகு சேர்ந்தார்.

ஒரு குழுவில் சேர்வதற்கு இதைவிட நேர்மையான வாசல் இருக்க முடியாது. தன்னை ஏமாற்றுக்காரி என்று சொல்லும் ஆவணத்தைத் தேடிப் படித்துவிட்டு வரச்சொல்லும் குரு அபூர்வம். பெசன்ட் அந்த அறிக்கையை நம்பாமல் விட்டது சரியா தவறா என்பது வேறு விவாதம். எதிர்த்தரப்பைப் படித்துவிட்டு ஒரு பெண் தானே முடிவெடுத்தாள் என்பது வரவுப் பக்கத்தில் எழுதவேண்டியது.

செலவு இரண்டே ஆண்டுகளில் வந்தது. மனிதர் உடலால் ஆன விலங்கு அல்லர், ஆன்மாவின் பயணி, எனவே இச்சையைக் கட்டுப்படுத்துவதே வழி, கருத்தடைச் சாதனம் அந்தப் பயணத்துக்குத் தடை. புதிய தத்துவம் அப்படிச் சொன்னது. 1891இல் பெசன்ட் தன் நூலை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார். மறுபதிப்பும் இல்லை, பதிப்புரிமை விற்பனையும் இல்லை. ஏழைத் தாய்மாருக்குக் கிடைத்துவந்த ஓர் ஆறுதலைப் பறிக்கிறோம் என்ற வருத்தம் தனக்கு இருந்ததைத் தன்வரலாற்றில் அவர் மறைக்கவில்லை. எந்த அறிவுக்காகச் சொந்த மகளை இழந்தாரோ அந்த அறிவைத் தன் கையாலேயே சந்தையிலிருந்து திரும்ப எடுத்தார்.

இச்சையைக் கட்டுப்படுத்துவது என்பது ஆன்மிக நூலின் மொழி. கணவனின் இச்சையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் எந்த மனைவிக்கு இருந்தது? கூடத்தில் பால் வேற்றுமை பாராட்டப்படவில்லை, உண்மைதான். படுக்கையறையில் அது அப்படியே இருந்தது. பாலற்ற ஆன்மாவைப் பற்றி எவ்வளவு உயர்வாகப் பேசினாலும், பிள்ளை பெற்றுச் சாவது பாலுள்ள உடல்தான்.

தூத்துக்குடியில் இறங்கியவர்

சென்னையில் வேறொரு பெசன்டை அறிந்தவர்கள் இருந்தார்கள். சென்னை இலௌகிக சங்கத்தார் பிராட்லாவின் இயக்கத்தோடு தொடர்புடையவர்கள். 1882 முதல் 1888 வரை ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழை நடத்தியவர்கள். சாதியையும் சடங்கையும் குழந்தை மணத்தையும் சாடி எழுதியவர்கள். 1893 நவம்பரில் கொழும்பிலிருந்து கப்பலேறித் தூத்துக்குடியில் பெசன்ட் இறங்கியபோது, அந்த இதழ் நின்று ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. வந்திறங்கியவரும் பழைய நாத்திகர் அல்லர். இந்து சமயத்தின் பெருமையைப் பேச வந்த பேச்சாளர்.

அவர் பேசிச்சென்ற ஊர்களில் சபைக் கிளைகளுக்கு அப்போதே அடித்தளம் இருந்தது. திருநெல்வேலி, மதுரை, கும்பகோணம் என்று 1880களில் ஆல்காட் சுற்றிவந்த தடம் அது. உறுப்பினர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த உயர்சாதி ஆண்கள்: வக்கீல்கள், முன்சீப்புகள், பள்ளி ஆசிரியர்கள். பகலில் கச்சேரியில் ஆங்கிலச் சட்டம், மாலையில் சபைக்கூடத்தில் ஆங்கிலத்தில் கீதை. அவர்களின் மனைவிமார்? 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அந்தச் சிலரிலும் ஆங்கிலம் அறிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அலமாரிக்குப் பூட்டே வேண்டியதில்லை. மொழியே பூட்டு.

பெசன்டும் அந்தப் பூட்டை உடனே உடைக்க முனையவில்லை. 1904இல் இந்தியச் சிறுமியரின் கல்வி பற்றி அவர் எழுதிய சிறுநூல் பெண்ணை நல்ல மனைவியாகவும் தாயாகவும் ஆக்கும் கல்வியையே வேண்டியது. பட்டம், தொழில் என்று போகும் மேற்கத்திய வழி இந்தியப் பெண்ணுக்கு வேண்டாம் என்றது. லண்டன் பல்கலைக்கழகத்தில் தேர்வெழுதிய பெண், நீதிமன்றத்தில் தன் வழக்கைத் தானே வாதாடிய பெண் எழுதியது இது. தான் ஏறிவந்த ஏணியைப் பிறருக்கு அலங்காரத் தூணாக மாற்றித் தந்தார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் அவர் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. 1913இல் சென்னையில் நிகழ்த்திய சமூகச் சீர்திருத்தச் சொற்பொழிவுகளில் குழந்தை மணத்தைக் கடுமையாக எதிர்த்தார். மகள்களைச் சிறுவயதில் மணமுடிப்பதில்லை, அவர்களைப் படிக்கவைப்போம் என்று சபையினர் உறுதிமொழி எடுத்த காலம் அது. உறுதிமொழி எடுத்தவர்கள் தந்தையர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மகளின் விடுதலையிலும் கையெழுத்து அப்பாவுடையது.

கூடத்திலிருந்து சங்கம்

பெண்கள் தாமே கையெழுத்திட்ட நாள் 1917 மே 8. இந்திய மாதர் சங்கம் அன்று அடையாற்றில் பிறந்தது. அதன் பின்னணியில் இருந்த மார்கரெட் கசின்ஸ் அயர்லாந்துக்காரர். இசையில் பட்டம் பெற்றவர். வாக்குரிமைப் போராட்டத்தில் லண்டனிலும் அயர்லாந்திலும் சிறை கண்டவர். 1915இல் கணவரோடு இந்தியா வந்த சபை உறுப்பினர். டொரதி ஜினராஜதாசாவும் அம்மு சுவாமிநாதனும் தொடக்ககால உறுப்பினர்களில் இருந்தார்கள். பெசன்ட் தலைவர்.

சங்கம் பெரும்பாலும் சபைக் கிளைகள் இருந்த ஊர்களிலேயே வேர்விட்டது. கூடம் ஏற்கெனவே இருந்தது. வீட்டாருக்கு அறிமுகமான இடம், நம்பிக்கையான மனிதர்கள். அங்கே படிப்பு வகுப்பு, தையல், சமயப் பேச்சு, குழந்தை வளர்ப்பு. கேட்பதற்கு இதில் புரட்சி எதுவும் இல்லை. அந்தச் சாதுவான பட்டியலால்தான் பெண்கள் வர முடிந்தது. 1918இல் தொடங்கிய ‘ஸ்திரீ தர்மம்’ இதழ் ஆங்கிலத்தோடு தமிழ், தெலுங்கு, இந்திப் பகுதிகளையும் சேர்த்துக்கொண்டது. அலமாரியின் மொழிப்பூட்டு முதல்முறையாகக் கொஞ்சம் நெகிழ்ந்தது இங்கேதான். பெயரைப் பாருங்கள்: தர்மம். அந்தச் சொல்லைக் கண்டு எந்த மாமனார் இதழைப் பிடுங்கியிருப்பார்? உள்ளே வாக்குரிமை, சட்டமன்றம், மணவயது என்று எழுதியிருந்தது.

வாக்குரிமைக் கோரிக்கை பிறந்த விதமும் இப்படித்தான். இந்தியா வரும் அமைச்சர் மாண்டேகுவிடம் பெண் கல்வி பற்றிப் பேச மார்கரெட் கசின்ஸ் நேரம் கேட்டார். அரசியல் கோரிக்கை உள்ளவர்களை மட்டுமே அமைச்சர் சந்திப்பார் என்று பதில் வந்தது. அப்படியானால் அரசியலே கேட்போம் என்று கோரிக்கையில் வாக்குரிமை சேர்ந்தது. 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்தது. லண்டன் பொறுப்பைத் தட்டிக்கழித்து மாகாணங்களிடம் தள்ளியது. 1921இல் சென்னைச் சட்டமன்றம் மற்ற மாகாணங்களுக்கு முன்பாகப் பெண்களுக்கு வாக்களித்தது. சொத்துத் தகுதி இருந்ததால் அது சிலருக்கே கிடைத்தது. 1927இல் அந்த மன்றத்தின் துணைத்தலைவர் இருக்கையில் முத்துலட்சுமி ரெட்டி அமர்ந்தார். அவரை உறுப்பினராக நியமிக்கப் பரிந்துரைத்தது இந்திய மாதர் சங்கம்.

ஏழு பேர் கூடிப் படித்த அறையிலிருந்து சட்டமன்ற இருக்கைவரை ஒரு வழி இருந்தது என்பதை மறுக்க முடியாது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கவும், நிகழ்ச்சிக்குறிப்பு எழுதவும், கணக்கு ஒப்படைக்கவும், அறிமுகமில்லாதவர் முன் எழுந்து நின்று பேசவும் பெண்கள் பழகிக்கொண்டது இத்தகைய அறைகளில்தான்.

படிக்கு வெளியே

யார் உள்ளே வர முடியவில்லை என்பதையும் அதே ஏட்டில் எழுத வேண்டும்.

ஆல்காட் 1894இல் அடையாற்றுப் பக்கத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1898இல் அயோத்திதாசரும் அவர் தோழர்களும் பௌத்தம் தழுவ இலங்கை சென்றதற்கும் உதவினார். ஆனால் அயோத்திதாசர் தன் மக்களைச் சபையின் கூடத்துக்கு அழைத்துப்போகவில்லை. இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் என்று தனிக்கூடம் அமைத்தார். 1907இல் இதழ் தொடங்கினார். கோலார் தங்கவயல்வரை கிளைகள் பரவின. சாதி வேற்றுமை பாராட்டாத சபை ஒன்று பக்கத்திலேயே இருக்கும்போது இன்னொரு கூடம் எதற்கு? 1909இல் பெசன்ட் எழுதிய கட்டுரை ஒன்றில் விடை இருக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளின் உடல் அவர்கள் உண்ணும் உணவால் நாறுகிறது, தலைமுறைகளாகத் தூய உணவும் வாழ்வும் பழகும்வரை அவர்களை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் நெருங்கி உட்காரவைக்கக் கூடாது என்பது அதன் வாதம். அம்பேத்கர் பின்னாளில் அதைத் தன் நூலில் எடுத்துக்காட்டினார். தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் பாஸ்பரஸ் நாற்றத்தைச் சுரண்டலின் நாற்றமாக அறிந்தவர் அவர். சேரிக் குழந்தையிடம் அதைப் பிறவிக் குறையாக வாசித்தார். ஆன்மாவுக்குச் சாதியில்லை என்ற பாடத்தை ஒப்பித்தபடியே உடலுக்குச் சாதி பார்க்க முடிந்தது.

தேவதாசிப் பெண்களின் கதையும் இதே படிக்கட்டில் நிற்கிறது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சி 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டமாக முழுமை பெற்றது. இடையில், 1935இல் சபையின் வைரவிழாவில் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்று மேடையில் சதிராடினார். ஆட்டம் ஆன்மிகமாகிக் கூடத்துக்குள் வந்தது. அதைத் தலைமுறைகளாக உடம்பில் சுமந்த பெண்களுக்கு அந்தக் கூடத்தில் அதே இடம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு, தேவதாசிக் குடும்பப் பின்னணியிலிருந்து போராட வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ‘தாசிகள் மோசவலை’ நாவலை வெளியிட்டார். அவர் போய்ச் சேர்ந்தது சுயமரியாதை இயக்கத்தில். ஆன்மிகக் கூடம் தூய்மையைக் கேட்டது. சுயமரியாதை மேடை அவருடைய அனுபவத்தைக் கேட்டது.

1891இல் பெசன்ட் சந்தையிலிருந்து எடுத்துவிட்ட கேள்வியும் அந்த மேடையில்தான் தமிழில் உரக்கப் பேசப்பட்டது. மக்கள்தொகையைக் குறைக்க அல்ல, பெண் தன் உடலுக்கு உரியவளாக இருக்கவே கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் எழுதினார். ஒரு அலமாரியிலிருந்து விலக்கப்பட்ட அறிவு இன்னொரு அலமாரிக்கு வந்துசேர முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆயின. அதற்கிடையில் பிரசவ அறைகளில் போன உயிர்களுக்கு எந்தச் சபையும் கணக்கு வைக்கவில்லை.

சாவி யாரிடம்

இன்றும் தமிழ்நாட்டில் பெண்கள் மிகுதியாகக் கூடும் இடங்கள் ஆன்மிக இடங்களே. திருவாசக முற்றோதலுக்கு விடியற்காலையில் வந்து அமர்ந்து மாலைவரை பாடும் பெண்களைப் பார்க்கலாம். மேல்மருவத்தூர் மரபின் வார வழிபாட்டு மன்றங்களில் பெண்கள் தாமே பூசை செய்கிறார்கள், மாதவிலக்கு அங்கே தடையில்லை. இவர்களை ஏமாந்தவர்கள் என்று ஒரு சொல்லில் ஒதுக்கும் பெண்ணியம் தன் சொந்த வரலாற்றை மறந்த பெண்ணியம். 1917இல் தையல் வகுப்புக்கு வந்தவர்களையும் அப்படி ஒதுக்கியிருக்கலாம். கூடிவிட்டார்கள் என்பதற்காகவே விடுதலை என்று கொண்டாடுவதும் பொருந்தாது. அதே கூடத்தில்தான் ஒரு பெண் தான் எழுதிய நூலைத் தானே விலக்கினாள்.

ஆகவே, பக்கத்துத் தெருவில் அப்படியொரு குழு இருந்து யாரேனும் உங்களை அழைத்தால், போய்ப் பாருங்கள். போனதும் அலமாரியைத் தேடுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். இருந்தால், அந்தக் குழுவை மறுத்து எழுதிய புத்தகம் ஒன்றாவது அதில் இருக்கிறதா, பெண்ணுடலைப் பற்றிய புத்தகம் இருக்கிறதா, தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். துப்புரவுப் பணிக்கு வரும் பெண்ணின் பெயரும் இரவல் பதிவேட்டில் உண்டா என்று பாருங்கள். சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்பதையும் பாருங்கள். உறுப்பினர் படிவத்தில் கையெழுத்திடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.